வீடும் பழுதுபார்ப்பும் ஒரே கடனில்: அமெரிக்காவின் 203(கே)

அமெரிக்காவில் வீடு தேடும்போது சில வீடுகளைப் படத்தைப் பார்த்த உடனேயே நாம் தள்ளிவிடுகிறோம். சமையலறையில் கேபினட்டுகள் இருக்காது. கூரையின் ஒரு பக்கம் நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கும். ஃபர்னஸ் ஓடாது. விளம்பரத்தின் அடியில் ‘ரொக்கம் மட்டும்’ என்று போட்டிருப்பார்கள். ஆனால் தெரு நல்ல தெரு. பள்ளி நல்ல பள்ளி. ரயில் நிலையம் நடக்கிற தூரம். அக்கம்பக்கத்து வீடுகளைவிட விலையும் கணிசமாகக் குறைவு.

இப்படிப்பட்ட வீட்டுக்குச் சாதாரண வீட்டுக் கடன் கிடைப்பது அரிது. அடமானமாக எடுக்கும் வீடு இன்றைக்கே குடியிருக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்று கடன் கொடுப்பவர் எதிர்பார்க்கிறார். பழுதைச் சரிசெய்யத் தனியாகக் கடன் கேட்கலாம் என்றால், முதலில் வீடு உங்கள் பேரில் இருக்க வேண்டும். கையில் ரொக்கம் உள்ள முதலீட்டாளர் இதனால்தான் முந்திக்கொள்கிறார். வாங்கி, மேற்பூச்சு பூசி, அதே வீட்டை நமக்கே கூடுதல் விலைக்கு விற்கிறார். சம்பளக் குடும்பங்கள் இந்த இடத்தில் தோற்க வேண்டிய அவசியமே இல்லை. அதற்கான கடன் திட்டம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு அதன் பெயர்கூடத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம். அதனால்தான் இந்த நூலில் இதற்குத் தனி அத்தியாயம்.

எஃப்.எச்.ஏ. எனப்படும் கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம் 1934ஆம் ஆண்டின் தேசிய வீட்டுவசதிச் சட்டத்தால் உருவானது. இப்போது ஹட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் வீட்டுவசதித் துறையின் கீழ் இயங்குகிறது. எஃப்.எச்.ஏ. யாருக்கும் நேரடியாகக் கடன் தருவதில்லை. வங்கியோ மார்ட்கேஜ் நிறுவனமோ தரும் கடனுக்குக் காப்பீடு தருகிறது. கடன் வாங்கியவர் கட்டாமல் போனால் நிறுவனத்தின் இழப்பை எஃப்.எச்.ஏ. ஈடுகட்டும். அந்தத் தைரியத்தில்தான் நிறுவனம் குறைந்த முன்பணத்துக்கு இறங்கி வருகிறது. அதே சட்டத்தின் 203ஆம் பிரிவு, கே உட்பிரிவின்படி, வீட்டு விலையையும் பழுதுபார்க்கும் செலவையும் சேர்த்து ஒரே கடனாக வாங்கலாம். ஒரே குளோசிங், ஒரே மாதத்தவணை. ஏற்கெனவே உள்ள கடனை மாற்றி எழுதி, சொந்த வீட்டைப் புதுப்பிக்கவும் இதைப் பயன்படுத்தலாம்.

முதலில் விசாவைப் பாருங்கள்

மற்றதையெல்லாம் படிக்குமுன் இதை உறுதிசெய்துகொள்ளுங்கள். 2025 மே 25 முதல், நிரந்தரக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு எஃப்.எச்.ஏ. காப்பீட்டுக் கடன் இல்லை. எச்1பி, எல்1 விசாவில் இருப்பவர்கள் அதற்கு முன்பு வேலை அனுமதியைக் காட்டி வாங்க முடிந்தது. இப்போது குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நம்மவர்களுக்கு இது பெரிய அடி. “போன வருஷம் என் நண்பன் வாங்கினானே” என்று அவர்கள் லோன் ஆபிசரிடம் வாதாடிப் பயனில்லை, விதி மாறிவிட்டது.

அவர்களுக்கு வேறு வழி உண்டு. ஃபேனி மே நிறுவனத்தின் ஹோம்ஸ்டைல், ஃப்ரெடி மேக் நிறுவனத்தின் சாய்ஸ்ரெனவேஷன் ஆகிய இரண்டும் இதே வேலையைச் செய்யும் கடன்கள். இவ்விரு நிறுவனங்களும் 2008 செப்டம்பரிலிருந்து கூட்டரசின் கண்காணிப்பில் இருப்பவை. சட்டப்படி இங்கே வசிக்கும் விசாக்காரர்களுக்கு இந்தக் கதவு மூடவில்லை. இவற்றில் ஹோம்ஸ்டைல் பற்றி அத்தியாயத்தின் பிற்பகுதியில் சொல்கிறேன்.

இரண்டு வகை

203(கே) கடனில் லிமிடெட், ஸ்டாண்டர்டு என்று இரு வகை உண்டு. 2024 நவம்பர் 4 முதல் லிமிடெட் வகையில் பழுதுச் செலவு 75,000 டாலர் வரை போகலாம். அதற்கு முன்பு 35,000தான். கூரை மாற்றுவது, சமையலறை, குளியலறை, ஃபர்னஸ், மின்கம்பிகள், தரை, ஜன்னல், பெயின்ட் எல்லாம் இதில் அடங்கும். கட்டமைப்பைத் தொடும் வேலை கூடாது. பாரம் தாங்கும் சுவரை இடிப்பதும் புது அறை கட்டுவதும் இதில் வராது. வேலையை 9 மாதத்துக்குள் முடிக்க வேண்டும்.

ஸ்டாண்டர்டு வகை பெரிய வேலைகளுக்கு உரியது. குறைந்தது 5,000 டாலருக்கு வேலை இருக்க வேண்டும். முடிக்க 12 மாத அவகாசம். அஸ்திவாரத்தைச் சரிசெய்யலாம், மாடி எழுப்பலாம், ஒரு குடும்ப வீட்டை நான்கு குடும்பம் வரை தங்கும் வீடாக மாற்றலாம். பழைய அஸ்திவாரத்தின் ஒரு பகுதியை விட்டுவைத்தால் வீட்டை முழுதாக இடித்துக் கட்டவும் இடமுண்டு. வீடு குடியிருக்க முடியாத நிலையில் இருந்தால், அந்த மாதங்களின் தவணையையும் கடனுக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளலாம். வாடகையும் வீட்டுத் தவணையும் ஒரே நேரத்தில் கழுத்தை நெரிக்கும் காலத்தில் இந்தச் சலுகை எவ்வளவு பெரிது என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். லோன் ஆபிசர் தானாகச் சொல்லமாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இரண்டு வகையிலும் வீடு கட்டி முடித்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். ஒன்று முதல் நான்கு யூனிட் வரை இருக்கலாம். ஆனால் அதில் நீங்கள் குடியேற வேண்டும். வாடகைக்கு விடுவதற்கென்றே வாங்க முடியாது. இரண்டு யூனிட் வீட்டை வாங்கி ஒன்றில் இருந்துகொண்டு மற்றொன்றை வாடகைக்கு விட்டால் விதி மீறல் இல்லை. புதிய நீச்சல் குளம், டென்னிஸ் மைதானம், தோட்டத்து அடுப்புமேடை போன்ற ஆடம்பரங்களுக்குப் பணம் கிடையாது. ஏற்கெனவே உள்ள குளத்தைப் பழுதுபார்க்கலாம்.

கணக்கு

கிரெடிட் ஸ்கோர் 580 அல்லது அதற்கு மேல் இருந்தால் முன்பணம் 3.5 சதவீதம். 500 முதல் 579 வரை என்றால் 10 சதவீதம். இது அரசின் விதி. கடன் தரும் நிறுவனங்கள் பல தங்கள் பங்குக்கு இன்னும் உயர்ந்த ஸ்கோர் கேட்கும். ஓரிடத்தில் மறுத்தால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் விலை 240,000 டாலர். பழுதுச் செலவு 60,000. எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கும் தொகை, பழுதுச் செலவில் 15 சதவீதம், 9,000. வேலைப் பட்டியல் எழுதும் ஆலோசகர், பெர்மிட், ஆய்வுக் கட்டணங்கள் 3,000. மொத்தம் 312,000. இதில் 3.5 சதவீதம், அதாவது 10,920 டாலர் உங்கள் கையிலிருந்து. மீதி 301,080 கடன். அதன் மேல் 1.75 சதவீத முன்காப்பீட்டுக் கட்டணம், சுமார் 5,269 டாலர். இதைக் கடனிலேயே ஏற்றிவிடலாம். ஆண்டுக் காப்பீட்டுக் கட்டணம் பெரும்பாலோருக்கு 0.55 சதவீதம். இந்தக் கடனுக்கு முதலாண்டில் மாதம் ஏறத்தாழ 138 டாலர். முன்பணம் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்தக் கட்டணம் கடன் முடியும்வரை தொடரும். குளோசிங் செலவுகள் இவற்றில் அடங்கவில்லை.

இந்தக் கணக்கை உடைக்கக்கூடியது அப்ரைசல். 203(கே) கடனில் மதிப்பீட்டாளர் வீட்டின் இன்றைய நிலையோடு, வேலைகள் முடிந்த பிறகு அது என்ன விலை பெறும் என்பதையும் பார்க்கிறார். அந்த வருங்கால மதிப்பின் 110 சதவீதத்துக்குள் உங்கள் மொத்தத் தொகை அடங்க வேண்டும். அடுக்குமாடிக் காண்டோ என்றால் 100 சதவீதம். நம் கணக்கில் அவர் 290,000 என்று மதிப்பிட்டால் 110 சதவீதம் 319,000, கவலை இல்லை. 270,000 என்று எழுதிவிட்டால் உச்சம் 297,000 ஆகிறது. கடன் 286,605க்கு இறங்கும். உங்கள் கையிலிருந்து போட வேண்டியது 10,920 டாலரிலிருந்து 25,395 டாலருக்கு ஏறிவிடும். அந்தத் தெருவின் விலைக்கு மீறிய சமையலறையைக் கட்டத் திட்டமிட்டால் இதுதான் நடக்கும்.

மாவட்டத்துக்கு மாவட்டம் கடன் உச்சவரம்பும் உண்டு. 2025இல் ஒற்றை வீட்டுக்குக் குறைந்த உச்சவரம்பு 524,225 டாலர். விலை மிகுந்த பகுதிகளில் 1,209,750. இது ஆண்டுதோறும் மாறும்.

முன்பணம் முழுவதையும் உறவினர் அன்பளிப்பாகத் தரலாம். ஊரிலிருந்து அப்பா அனுப்பும் பணமும் செல்லும். ஆனால் திருப்பித் தர வேண்டியதில்லை என்று அவர் கையெழுத்திட்ட கடிதமும், பணம் அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வந்த தடமும் வேண்டும். நண்பர்களோடு சேர்ந்து போட்ட சீட்டை எடுத்து முன்பணம் கட்டலாம் என்ற எண்ணம் இருந்தால், அதைக் கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள். எங்கிருந்து வந்தது என்று தாளில் காட்ட முடியாத பெரிய தொகை வங்கிக் கணக்கில் தெரிந்தால் கடன் அங்கேயே நின்றுவிடும்.

வேலைப் பட்டியல்

இந்தக் கடனில் வட்டி விகிதத்தைவிட முக்கியம் வேலைப் பட்டியல். கால் சதவீத வட்டிக்காக நான்கு நிறுவனங்களிடம் பேரம் பேசுகிற நாம், பட்டியலைப் பத்து நிமிடத்தில் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். பட்டியலில் எழுதாத வேலைக்குப் பணம் வராது. அரைகுறையாக எழுதிய வேலை அரைகுறையாகத்தான் நடக்கும்.

ஸ்டாண்டர்டு வகையில் ஹட் அங்கீகரித்த ஆலோசகர் ஒருவர் கட்டாயம். அவர் வீட்டுக்கு வந்து அடித்தளம் முதல் பரண் வரை பார்த்து, அறை வாரியாக, பொருளும் கூலியும் பிரித்து எழுதித் தருகிறார். லிமிடெட் வகையில் அவர் கட்டாயமில்லை. இருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அவர் கட்டணத்தை இப்போது அந்தக் கடனிலும் சேர்க்கலாம்.

அவர் வரும் நாளில் நீங்களும் கூடவே நடங்கள். நியூ ஜெர்சியின் பழைய வீடுகளில் பேஸ்மென்டுக்குப் போனதும் ஆலோசகர் முதலில் சுவரைத்தான் பார்ப்பார். எங்கோ வெட்டி விட்ட இரண்டு மெல்லிய செப்புக் குழாய்கள் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தால், ஒரு காலத்தில் வீட்டைச் சூடேற்ற எண்ணெய் ஓடிய குழாய்கள் அவை. தொட்டி இன்னும் முற்றத்தில் மண்ணுக்கடியில் இருக்கலாம். அது துருப்பிடித்துக் கசிந்திருந்தால் மண்ணைத் தோண்டி அகற்றும் செலவு சமையலறைச் செலவையே விழுங்கிவிடும். ஒப்பந்தக் கையெழுத்துக்கு முன்பே தொட்டியைத் தேடும் சோதனையை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து மேலே, உத்திரங்களின் பக்கவாட்டில் வெள்ளைப் பீங்கான் குமிழ்கள் வரிசையாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். இருந்தால் வீட்டில் நூறாண்டுப் பழைய மின்கம்பி முறை மிச்சமிருக்கிறது. வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் பல அதற்கு முகம் சுளிக்கும். 1978க்கு முன் கட்டிய வீட்டில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கக்கூடும். அதைச் சுரண்டும்போது எழும் தூசி சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2010 முதல் நடப்பில் உள்ள கூட்டரசு விதிப்படி, அதற்கான சான்றிதழ் பெற்ற கான்ட்ராக்டர்தான் அந்த வேலையைத் தொட வேண்டும். சான்றிதழின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு உங்கள் குடும்பத்தின் தேவைகள். இவற்றை ஆலோசகர் ஊகிக்க முடியாது. அமெரிக்கச் சமையலறைகள் பலவற்றில் அடுப்புக்கு மேலுள்ள விசிறி புகையை வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடுகிறது. நாம் கடுகு தாளித்து மிளகாய் கிள்ளிப்போடும் வீட்டுக்கு அது உதவாது. ‘வெளிச்சுவர் வழியாகக் குழாய் விட்டுப் புகையை வெளியேற்றும் விசிறி’ என்று பட்டியலில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். சுவர் திறந்திருக்கும்போது செய்தால் செலவு சொற்பம். எல்லாம் முடிந்தபின் செய்தால் மறுபடியும் இடிக்க வேண்டும். அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்குவார்கள் என்றால் கீழ்த்தளத்தில் ஒரு குளியலறை, கைப்பிடி, வழுக்காத தரை. முதியோருக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் ஏற்ற மாற்றங்களுக்கு இந்தக் கடனில் தாராளமாக இடமுண்டு.

‘சமையலறையைப் புதுப்பித்தல், 18,000 டாலர்’ என்று ஒற்றை வரியில் எழுதினால் ஏற்காதீர்கள். கேபினட் எத்தனை அடி, எந்த மரம், மேடைக்கு எந்தக் கல், சிங்க் எது, பழையதை அகற்றிக் கொண்டுபோவது யார் என்று ஒவ்வொன்றும் தனி வரியாக வர வேண்டும். கான்ட்ராக்டர் பாதியில் விலகினாலும், அடுத்தவர் அந்தத் தாளை வைத்துக்கொண்டே வேலையைத் தொடர முடியும்.

கான்ட்ராக்டரும் பணமும்

கான்ட்ராக்டருக்கு மாநில உரிமமும் காப்பீடும் இருக்க வேண்டும். இதற்கு முன் 203(கே) வேலை செய்தவரா என்று கேளுங்கள். ஏனென்றால் இதில் பணம் வேலைக்குப் பின்னால்தான் வரும். கையிருப்பே இல்லாதவர் இரண்டாவது வாரத்திலேயே உங்களிடம் ரொக்கம் கேட்பார். கொடுக்காதீர்கள். கான்ட்ராக்டர் உங்கள் உறவினர் என்றால் அதைக் கடன் நிறுவனத்திடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேலையை நீங்களே செய்யவும் நிறுவனம் அனுமதிக்கலாம்; அப்போது பொருளுக்கு மட்டும் பணம் கிடைக்கும், உங்கள் உழைப்புக்குக் கிடைக்காது.

குளோசிங் அன்று விற்பவருக்கு விலை போய்ச் சேரும். பழுதுக்கான தொகை வட்டி தரும் எஸ்க்ரோ கணக்கில் தங்கும். அந்த வட்டி உங்களுக்கு உரியது. 30 நாளுக்குள் வேலை தொடங்க வேண்டும். தொடர்ந்து 30 நாள் வேலை நின்றால் விதி மீறல். ஸ்டாண்டர்டு வகையில் ‘டிரா’ எனப்படும் ஐந்து தவணைகளாகப் பணம் விடுவிக்கலாம். ஒவ்வொரு முறையும் ஆலோசகர் வந்து முடிந்த வேலையைப் பார்ப்பார்; நீங்களும் கான்ட்ராக்டரும் படிவத்தில் கையெழுத்திடுவீர்கள்; பத்து சதவீதத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். காசோலை இருவர் பேரிலும் வரும். லிமிடெட் வகையில் கான்ட்ராக்டருக்கு இரண்டு முறைதான் பணம். தொடக்கத்தில் பாதி வரை கொடுக்கலாம்.

கையெழுத்து உங்கள் பலம். குளியலறை ஓடு பாதிதான் ஒட்டியிருக்கிறது, ஆனால் கான்ட்ராக்டர் முழுத் தொகை கேட்கிறார் என்றால், மனம் கோணுமே என்று கையெழுத்திடாதீர்கள். நம்மவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள். “பாவம் சார், ஆளுங்களுக்குக் கூலி கொடுக்கணும்” என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். முடிந்த பாதிக்குப் பணம் கொடுங்கள்; அதுதான் இருவருக்கும் நியாயம். ஒவ்வொரு தவணையிலும், ‘இதுவரை செய்த வேலைக்குப் பணம் வந்துவிட்டது, வீட்டின் மீது உரிமை கோரமாட்டேன்’ என்ற லீன் விலக்குக் கடிதத்தைக் கான்ட்ராக்டரிடமும் அவருக்குக் கீழே வேலை செய்த பிளம்பர், எலக்ட்ரீஷியனிடமும் வாங்குங்கள். கான்ட்ராக்டர் பிளம்பருக்குப் பணம் தராமல் போனால் பிளம்பர் உங்கள் வீட்டின் மீது வழக்குப் போடலாம். நீங்கள் ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்பது பல மாநிலங்களில் பதிலாகாது.

சுவரைத் திறந்தால் எதிர்பாராதது ஏதாவது கட்டாயம் வரும். 30 ஆண்டுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு எதிர்பாராச் செலவுத் தொகை ஸ்டாண்டர்டு வகையில் குறைந்தது 10 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். பழைய வீடு என்றால் 15க்குக் குறையாதீர்கள். பட்டியலுக்கு வெளியே எது செய்தாலும் மாற்று உத்தரவு எழுதி ஆலோசகரும் நிறுவனமும் ஏற்ற பிறகே செய்ய வேண்டும். வாய்ப்பேச்சில் செய்த வேலைக்குக் கைப்பணம்தான் போகும்.

எச்1பி குடும்பங்களுக்கும் மற்றவர்களுக்கும்

ஹோம்ஸ்டைல் கடனில் முன்பணம் 5 சதவீதத்தில் தொடங்குகிறது. முதல்முறை வாங்குவோருக்குச் சில நிபந்தனைகளோடு 3 சதவீதம். கிரெடிட் ஸ்கோர் எதிர்பார்ப்பு எஃப்.எச்.ஏ.வைவிடக் கூடுதல். வேலையை முடிக்க 15 மாதம் உண்டு. நீச்சல் குளம் கட்டவும் தடையில்லை. வாடகைக்கு விடும் ஒற்றை வீட்டுக்கும் வாங்கலாம். இதில் தனியார் காப்பீட்டுக் கட்டணத்தை ஒருநாள் நிறுத்தலாம் என்பது பெரிய ஆறுதல். தவணைகள் ஒழுங்காக இருந்தால், 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி கடன் வீட்டின் தொடக்க மதிப்பில் 80 சதவீதத்துக்கு இறங்கியதும் நிறுத்தச் சொல்லலாம். 78இல் தானாக நின்றுவிடும். ஸ்கோர் 700க்கு மேல், கையில் 5 சதவீதம் இருக்கிறது என்றால், கிரீன் கார்டு உள்ளவர்களும் 203(கே)க்கு முன் இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஸ்கோர் 600 சுற்றி இருப்பவருக்கும், சேமிப்பு மெலிந்தவருக்கும், அஸ்திவாரமே ஆட்டம் கண்ட வீட்டை வாங்குபவருக்கும் 203(கே)தான் துணை.

எங்கே தொடங்குவது

வீட்டைத் தேடுமுன் கடன் நிறுவனத்தைத் தேடுங்கள். எஃப்.எச்.ஏ. கடன் தருவோர் எல்லாரும் 203(கே) தருவதில்லை. தருபவர்களிலும் ஆண்டுக்கு ஒன்று செய்பவர் உண்டு. “கடந்த ஓராண்டில் எத்தனை முடித்தீர்கள், டிரா விண்ணப்பம் போட்டால் எத்தனை நாளில் பணம் விடுவிப்பீர்கள்?” என்று லோன் ஆபிசரிடம் நேராகக் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். ஆலோசகர்களின் பட்டியல் ஹட் இணையதளத்தில் மாநில வாரியாக இருக்கிறது.

விற்பவரோடு போடும் ஒப்பந்தத்தில், வாங்குவது 203(கே) கடன் ஒப்புதலுக்கு உட்பட்டது என்ற வரி இருக்க வேண்டும். குளோசிங் தேதியைத் தாராளமாகக் கேளுங்கள். ஆலோசகர் பட்டியல், கான்ட்ராக்டர் விலை, அப்ரைசல் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டியிருப்பதால் சாதாரணக் கடனைவிடக் கூடுதல் நாள் பிடிக்கும். ரியல்டர் இதற்குச் சலித்துக்கொண்டால், பழைய வீடு வாங்கித் தந்து பழக்கமுள்ள வேறொருவரைப் பாருங்கள்.

வேலை முடியும் நாளில் நகராட்சியின் இறுதி ஆய்வு ஒப்புதல், ஆலோசகரின் கடைசி ஆய்வு, எல்லா லீன் விலக்குக் கடிதங்களும் கைக்கு வந்த பிறகே பிடித்துவைத்த பத்து சதவீதத்தை விடுவிக்கக் கையெழுத்திடுங்கள். கடனில் சேர்த்திருந்த எதிர்பாராச் செலவுத் தொகை மிஞ்சினால் அசலில் கழித்துக்கொள்வார்கள். கூடுதல் மேம்பாட்டுக்கும் கேட்கலாம். பிறகு வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்தை அழைத்து, புதிய கூரை, மின்கம்பி விவரங்களைச் சொல்லிப் பாலிசியைத் திருத்தச் சொல்லுங்கள். பெர்மிட் மூடப்பட்டதற்கான தாள்களை வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்பார்.